ஆற்றில் தண்ணீர் ஏறும்போது: லாபிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மழை வலுத்தால் என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. கோலாலம்பூரிலிருந்து தங்கை மகள், சிங்கப்பூரில் வேலை செய்யும் கொழுந்தன், சாமான் மூட்டைகளோடு வரத் துடிக்கும் இளைஞர் மன்றத்தார், புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியை என்று நாலா திசையிலிருந்தும் ஒரே கேள்விகள் வருகின்றன. நிவாரண மையத்தில் பெயர் பதிய உதவுகிறவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தெரிந்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். சிலவற்றில் கோபம் இருக்கிறது, அதையும் தணிக்கவில்லை.

"அத்தை, லாபிஸில் வெள்ளம் என்று செய்தியில் சொன்னார்களே, உங்கள் வீடு மூழ்கிவிட்டதா?"

பெரும்பாலும் இல்லை. லாபிஸ், சிகாமட் மாவட்டத்தில், சிகாமட்டுக்கும் யோங் பெங்குக்கும் இடையே பழைய கூட்டரசு சாலையில் இருக்கும் சிற்றூர். சுற்றிலும் செம்பனை, ஆங்காங்கே மிச்சமிருக்கும் ரப்பர். மேட்டில் ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி), பள்ளத்தில் ஒரு கம்பம் (மலாய்க் கிராமம்), ஆற்றோரம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயன் வரிசை என்று நிலம் ஏறி இறங்கிக் கிடக்கிறது. ஒரு தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது அடுத்த தெருவில் துணி காய்ந்துகொண்டிருக்கும். செய்தியாளருக்கு ஊர்ப் பெயர் போதும். எங்களுக்குத் தெருப் பெயர் வேண்டும். ஆகவே யாரையாவது விசாரித்தால், "எந்தத் தாமான்?" என்று முதலில் கேளுங்கள்.

"பொங்கல் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லைதானே?"

வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை நீள்கிறது. முதல் பாதியில் கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானும் திரங்கானுவும் நனைவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய வெள்ளங்களைப் பாருங்கள்: 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இரண்டு அலையாக வந்தது; 2011இல் ஜனவரிக் கடைசியில் வந்தது; 2023இல் மார்ச் மாதம் வந்தது. தைப்பூசக் காவடியை இறக்கிவைத்த பிறகும் எங்கள் ஊரில் அரிசி மூட்டை பரண்மேல்தான் இருக்கும்.

"ஆறு நிரம்பி ஓடுகிறது, நீங்களெல்லாம் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறீர்கள். உங்களுக்குப் பயமே கிடையாதா?"

பினாங்கிலிருந்து வந்த ஆசிரியை கேட்டது. பாதி வியப்பு, பாதி எரிச்சல். அவர் பார்க்காத ஒன்று உண்டு. அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவர் காலையிலேயே மோட்டார் சைக்கிளை மேட்டிலிருக்கும் மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு, பிறப்புச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்பதனப் பெட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். வேலை முடிந்த பிறகுதான் தேநீர்.

அடுத்தது, அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீரின் நிறம் செம்மண்ணாக மாறுகிறதா, மரக்கிளையும் செம்பனை மட்டையும் மிதந்து வருகின்றனவா, மலைப்பக்கம் இன்னும் கருத்திருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாவற்றையும்விட முக்கியமானது வாய்க்கால். மழைநீர் வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போக வேண்டும். அது நின்றுவிட்டால் ஆறு நிறைந்துவிட்டது என்று பொருள். அது திரும்பி ஊருக்குள் வரத் தொடங்கினால் கடைக்காரர் கல்லாவைப் பூட்டிவிடுவார். சிகாமட் ஆறு மூவார் ஆற்றில் சேருவதுபோல, இந்தப் பக்கத்துச் சிற்றாறுகளுக்கெல்லாம் ஒரு பெரிய ஆறு உண்டு. பெரியது நிரம்பியிருந்தால் சின்னதற்குப் போக்கிடம் இல்லை. அதனால்தான் இங்கே மழை நின்று வெயில் அடிக்கும்போதுகூடத் தண்ணீர் ஏறும். வெளியூர்க்காரர் வானத்தைப் பார்த்து நிம்மதி அடையும் நேரத்தில் உள்ளூர்க்காரர் சாமானைத் தூக்குவதற்கு இதுவே காரணம்.

"'அபாயம்' என்று அறிவித்தால் உடனே ஓடிவிட வேண்டுமா?"

இரண்டு அறிவிப்புகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வானிலை ஆய்வு இலாகா தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். அது வரப்போகும் மழையைப் பற்றியது. வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆற்றின் மட்டத்தை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படிகளாகச் சொல்லும். அது இப்போது இருக்கும் தண்ணீரைப் பற்றியது. இரண்டாவதை 'இன்ஃபோ பஞ்சிர்' இணையதளத்தில் ஒவ்வோர் ஆற்று நிலையத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

எச்சரிக்கைப் படியிலேயே முதியவர்கள், குழந்தைகள், கருவுற்ற பெண்கள், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் ஆகியோரை அனுப்பிவிடுங்கள். அபாயப் படி வந்த பிறகு, அதுவும் இரவில், படகுக்காகக் காத்திருப்பது கொடுமை. மாவட்ட அதிகாரிகள் கிளம்பச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். வீட்டை விட்டு இறங்கும்போது மின்சாரத்தின் முதன்மை விசையை அணைத்துவிடுங்கள்.

"அம்மா போனை எடுக்கவில்லை. நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். யாரைக் கூப்பிடுவது?"

தண்ணீர் ஏறினால் தெனாகா நேஷனல் பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதன்பின் கைப்பேசிக்கு மின்னேற்றம் கிடையாது. பதில் இல்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி இல்லை என்றுதான் பொருள். திரும்பத் திரும்ப அழைத்து மிச்சத்தையும் தீர்த்துவிடாதீர்கள். ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, மேட்டில் இருக்கும் பக்கத்து வீட்டாரையோ கோயில் நிர்வாகத்தில் உள்ள ஒருவரையோ அழையுங்கள். அந்த எண்களை மழைக்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் 999.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொலைவில் இருப்பவர் படும் பாடு இங்கே இருப்பவர் படும் பாட்டைவிடச் சில வேளைகளில் அதிகம். இங்கே இருப்பவருக்குத் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வேலையும் இருக்கிறது. தொலைவில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. யாரோ அனுப்பிய காணொளி மட்டும் இருக்கிறது. அது எந்த ஆண்டில், எந்த ஊரில் எடுத்தது என்பதுகூட நிச்சயமில்லை. அதனால் "அடிக்கடி போன் செய்து தொல்லை கொடுக்கிறாள்" என்று சலித்துக்கொள்ளும் அம்மாக்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். தண்ணீர் நிற்கும் படியின் படம் ஒன்றை அனுப்பினால் மகள் அன்று இரவு தூங்குவாள்.

"உடனே காரை எடுத்துக்கொண்டு வந்துவிடட்டுமா?"

வேண்டாம். 2011இல் சிகாமட்டுக்குப் போகும் சாலைகள் மூழ்கி, ரயில் பாதையும் மூழ்கி, நகரமே துண்டிக்கப்பட்டது. முழங்காலுக்கும் கீழே, சுமார் 15 சென்டிமீட்டர் வேகத் தண்ணீர் ஓர் ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் இருந்தால் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். இந்தச் சாலை உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம். தண்ணீருக்கடியில் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்பது எங்களுக்கே தெரியாது.

1957இல் அமெரிக்க ஆய்வாளர்களான ஃபிரிட்ஸும் மேத்யூசனும் ஒன்றை ஆராய்ந்து எழுதினார்கள். பேரிடர் நடந்த இடத்தைவிட்டு மக்கள் ஓடுவதைக் காட்டிலும், அந்த இடத்தை நோக்கி ஆட்களும் செய்திகளும் பொருள்களும் வந்து குவிவதே மீட்புப் பணிக்குப் பெரிய சிக்கலாகிறது என்பதுதான் அது. எங்கள் ஊரில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தால் இதற்கு விளக்கம் தேவைப்படாது. ஆட்கள் காரில் வருகிறார்கள், செய்திகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, பொருள்கள் லாரியில் வருகின்றன.

"சரி, வரவில்லை. என்ன சாமான் அனுப்பலாம்?"

பழைய துணி வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் மூட்டை மூட்டையாக வருகிறது. பிரித்துப் பார்த்தால் கிழிந்த பனியனும் ஜிகினா வைத்த பாவாடையும். அதைப் பிரிக்க ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும், பிறகு தூக்கி எறியவும் ஆள் வேண்டும். புதிய உள்ளாடை, கைலி, துண்டு, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அணையாடை, பெண்களுக்கு மாதவிடாய் அணையாடை ஆகியவற்றை யாரும் நினைப்பதில்லை. எப்போதும் குறைவது இவைதான்.

உணவு இன்னொரு தலைவலி. நிவாரண மையம் பெரும்பாலும் பள்ளிக்கூடம் அல்லது மண்டபம். எல்லா இனத்தாரும் ஒன்றாகத் தங்குகிறார்கள். அங்கே பகிர்வது ஹலாலாக இருக்க வேண்டும். இந்துக்களில் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை சைவம் என்று சொல்லும் பாட்டிகளும் இருப்பார்கள். அன்பாக வீட்டில் சமைத்து அனுப்பிய கோழிக்குழம்பு வாசலிலேயே நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும். அனுப்பியவருக்கு வருத்தம், மறுத்தவருக்கும் வருத்தம். பிஸ்கட், பால்மாவு, குடிநீர் போன்றவை யாரையும் சங்கடப்படுத்துவதில்லை.

உண்மையான தேவை தண்ணீர் வடிந்த பிறகுதான் வருகிறது. அப்போது செய்தியாளர்கள் போயிருப்பார்கள், லாரிகளும் நின்றிருக்கும். வீடு முழுக்கச் சேறு. கைப்பிடி நீண்ட தேய்ப்பான், வாளி, ரப்பர் காலணி, கையுறை, குளோரின், உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சி ஆகியவற்றோடு நான்கு வலுவான ஆட்கள் வந்தால் அவர்களுக்குக் கோயிலில் மாலை போடலாம். சேற்றில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் வெள்ளத்துக்குப் பிறகுதான் ஆளைச் சாய்க்கும்.

"அரசாங்கம் பணம் தருகிறதாமே?"

அண்மை வெள்ளங்களில் ஒரு குடும்பத் தலைவருக்கு 1,000 ரிங்கிட் 'வாங் இசான்' என்னும் உதவித்தொகை கொடுத்தார்கள். அடையாள அட்டையோடு நிவாரண மையத்தில் பதிந்துகொள்ளுங்கள். பதிவு இல்லாமல் பிறகு அலைவது வீண். வீட்டுக்குத் தீக்காப்புறுதி மட்டும் இருந்தால் அது வெள்ளத்தை உள்ளடக்காது. கூடுதலாகச் சேர்க்க வேண்டும். காருக்கு முழுக் காப்புறுதி இருந்தாலும் அதே கதைதான்: இயற்கைப் பேரிடருக்கான இணைப்பைத் தனியாக வாங்க வேண்டும்.

"தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகும் சிலர் மையத்துக்குப் போக மாட்டேன் என்கிறார்களே, இது வீம்பு இல்லையா?"

வீம்பும் உண்டு, நியாயமும் உண்டு. மாடு, ஆடு வளர்க்கிறவர் அவற்றை அவிழ்த்துவிட்டு எங்கே போவார்? நாய்க்கு மையத்தில் இடமில்லை. சிலருக்குப் பலர் நடுவே படுத்துறங்கக் கூச்சம். பலருக்குத் திருட்டுப் பயம். பேரிடரில் மக்கள் வெறிகொண்டு ஓடுவதும் சூறையாடுவதும் வெளியார் நினைப்பதைவிட மிகவும் அரிது என்று 1963இல் ஒஹாயோவில் பேரிடர் ஆய்வு மையத்தைத் தொடங்கிய குவரன்டெல்லியும் அவர் சகாக்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொல்லிவந்தார்கள். எங்கள் ஊரிலும் நான் பார்த்தவரை, பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் தொலைக்காட்சியைத் தூக்குவது மாடியில் பத்திரமாக வைப்பதற்காகத்தான்.

போக மறுப்பவரிடம் "ஆபத்து" என்று சொல்லிப் பயனில்லை. அந்தச் சொல்லை அவர் பிறந்ததிலிருந்து கேட்கிறார். "பெரியப்பா, மாட்டைக் கோயில் மேட்டில் கட்ட ஏற்பாடு செய்துவிட்டோம், வாருங்கள்" என்றால் பெரும்பாலும் வந்துவிடுவார்.

"படம் எடுக்க மட்டும் வருகிறவர்களைப் பார்த்தால் கோபம் வராதா?"

வரும். ஆனால் பாலத்தில் நின்று முதலில் படம் எடுப்பது எங்கள் ஊர்ப் பையன்கள்தான்.

அரசியல்வாதிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 2011 ஜனவரி 30 அன்று எங்கள் பக்கத்துத் தெனாங் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் கட்சிக்காரர்களும் செய்தியாளர்களும் கூடியிருந்த அன்றைக்கே வெள்ளம் வந்தது. வாக்குச்சாவடிக்குப் போகும் வழிகள் மூழ்கின. வெளியூர்க்காரர்கள் வெள்ளத்தை முழுமையாக அனுபவித்த ஒரே நாள் என்று இன்றும் சிரித்துக்கொள்கிறோம்.

"நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். தாத்தா காலத்திலிருந்து இந்தப் படியைத் தாண்டித் தண்ணீர் வந்ததில்லை. எனக்குத் தெரியாதா?"

இதுவரை உள்ளூர்க்காரர் பக்கம் பேசினேன்; இங்கே முடியாது. உள்ளூர் அனுபவம் என்பது நடந்ததைப் பற்றிய அறிவு மட்டுமே. 2006 டிசம்பரில் இப்படி ஒரு 'படி'யை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வெள்ளத்தில் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். முதல் அலை வடிந்து வீட்டைக் கழுவி முடித்தவர்களில் பலரை ஜனவரியில் இரண்டாவது அலை பிடித்தது, "ஒரு தடவைதான் வரும்" என்ற அனுபவத்தை நம்பியதால்.

இன்னொன்று: தாத்தா எந்தப் படியைச் சொன்னார்? தோட்டத்தில் பெரிய துரை பங்களா மேட்டில் இருக்கும். லயன் வீடுகள் கீழே. எந்த லயனில் தண்ணீர் நுழையும், எதில் நுழையாது என்று தாத்தாவுக்கு அத்துப்படி. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்ட வீடுகளைக் காலி செய்து நாம் தாமானுக்கு வந்துவிட்டோம். தாமான் எழுந்த நிலம் வேறு. சதுப்பை நிரப்பி வீடு கட்டிய இடத்தில் தாத்தாவின் கணக்கு செல்லாது. பிறந்த ஊர் இதுதான். நிற்கும் மண்ணுக்கு நாம் புதியவர்கள். இந்த விஷயத்தில் ஆற்று மட்டத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பயப்படும் ஆசிரியைக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கலாம்.

"தோட்டங்கள் காட்டை அழித்ததால்தானே இதெல்லாம்? ஏன் ஊர்க்காரர்கள் வாய் திறப்பதில்லை?"

காடு போனால் மழைநீர் வேகமாக ஓடும், மண் ஆற்றில் படியும், ஆறு ஆழம் குறையும். இதில் ஐயமில்லை. ஆனால் பருவக் கடைசியில் நாள்கணக்கில் விடாமல் பெய்யும் மழையும், தாழ்ந்த தட்டை நிலமும் காடு இருந்தபோதும் இருந்தன. 2023இல் யோங் பெங், பத்து பகாட் பகுதிகளில் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றதற்கு அந்த நிலத்தின் தட்டைத்தன்மையும் ஒரு காரணம்.

வாய் திறக்காததற்கு விடை எளிது: மாதச் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. மழையில் ரப்பர்ப் பால் வெட்ட முடியாது, வெள்ளத்தில் செம்பனைக் குலை அறுக்க முடியாது, அந்த நாள்களில் கூலி குறைகிறது. அவர்களுக்கு முதல் கவலை எப்போது வேலை திறக்கும் என்பது. நகரத்திலிருந்து கேட்கிறவருக்கு இது கோழைத்தனமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"தோட்டத்தில் இருக்கும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் உள்ளூரா, வெளியூரா?"

இருவகையிலும் சேராமல் நடுவில் நிற்கிறார்கள். ஆற்றைப் பற்றிய பழங்கதை அவர்களுக்குத் தெரியாது, மலாய் அறிவிப்பும் வங்காளதேசிகள் பலருக்கு முழுதாகப் புரியாது, ஆவணச் சிக்கல் உள்ளவர் மையத்தின் பதிவேட்டைக் கண்டாலே ஒதுங்குவார். அவர்கள் விடுதி பள்ளத்தில் இருந்தால், தண்டலோ (மேற்பார்வையாளர்) கிராணியோ (எழுத்தர்) நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

"சிகாமட்டில் நிலம் ஆடியதே, அப்போதும் தேநீர் குடித்துக்கொண்டுதான் இருந்தீர்களா?"

இல்லை. 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை காலை 6.13க்குச் சிகாமட் அருகே 4.1 அளவில் நிலம் அதிர்ந்தது. அதன்பின் சில நாள்கள் சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. 2015 ஜூன் 5 அன்று ரானாவ் நிலநடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் இறந்தபோது, இது சபாவின் கவலை என்றுதான் நாங்கள் நினைத்தோம். தீபகற்பத்தில் நிலம் ஆடாது என்று பள்ளியில் படித்த தலைமுறை நாங்கள்.

அன்று காலை உள்ளூர், வெளியூர் வேறுபாடு எதுவும் இல்லை. லாரி மோதியதா, கல்லுடைக்கும் இடத்தில் வெடி வைத்தார்களா என்று கைலியோடு வெளியே ஓடி வந்து ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். மேலே சொன்ன தேநீர்க்கடைப் பெரியவருக்கு வாய்க்காலைப் பார்த்தால் எல்லாம் தெரியும். தரை ஆடினால் எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வெள்ளத்தின்போது நாங்கள் அழைப்புகளுக்குச் சலித்துக்கொள்வோம். அன்று நாங்களே எல்லாரையும் அழைத்தோம். சுவரில் இருந்த பழைய விரிசலெல்லாம் புது விரிசலாகத் தெரிந்தது. ஆடும்போது மேசைக்கடியில் பதுங்கித் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும், ஆட்டம் நின்ற பிறகுதான் வெளியே வர வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் பலர் கற்றுக்கொண்டார்கள்.

"இத்தனைக்கும் பிறகு ஏன் அங்கேயே இருக்கிறீர்கள்? கோலாலம்பூருக்கு வந்துவிடலாமே?"

2021 டிசம்பரில் கோலாலம்பூரை அடுத்த ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்றவர்களில் நம்மவர்கள் நிறைய. அந்த வெள்ளத்தில் நாட்டில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று நாங்கள்தான் இங்கிருந்து போன் செய்து, "விசையை அணைத்தாயா, சான்றிதழை எடுத்தாயா" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி, கோயில், வேலை என்று இங்கே இருப்பதற்கான காரணங்கள் அங்கே இருப்பதற்கான காரணங்களைப் போன்றவையே.

"அப்படியானால் அந்தப் பக்கம் மலிவாக ஒரு வீடு வாங்கலாமா? தண்ணீர் வருமா என்று யாரிடம் கேட்பது?"

விற்கிறவரிடம் கேட்காதீர்கள், அடுத்த வீட்டுக்காரரிடமும் முழு உண்மை வராது. தம் வீட்டின் விலை இறங்கும் என்று அவருக்குத் தெரியும். வெள்ளத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் எங்கள் ஊர்க்காரர், வீடு வாங்க வந்தவரைக் கண்டால் மட்டும் "இங்கே தண்ணீரே வராது" என்பார். அதே தாமானில் வாடகைக்கு இருப்பவரைக் கேளுங்கள். அவருக்கு விலையைப் பற்றிக் கவலையில்லை. மளிகைக் கடையில் சரக்கு எந்த உயரத்தில் அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். மின் இணைப்புகள் சுவரில் வழக்கத்தைவிட உயரத்தில் இருந்தால் யாரோ அனுபவப்பட்டிருக்கிறார்கள். புதிதாகப் பூசிய சுவரின் கீழ்ப்பாதி மட்டும் வேறு நிறமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தாமான் 2007க்குப் பிறகு கட்டியது என்றால், "2006லேயே வரவில்லை" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. அப்போது அங்கே வீடே கிடையாது. ஒருமுறை பிப்ரவரி கடைசியில், நல்ல மழை நாளில் வந்து பாருங்கள். வீட்டைப் பார்ப்பதற்கு முன் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.